பொலிஸ் அடுப்பில் காய்ச்சிய தேயிலை

எனக்குச் சிங்களம் தெரியும் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கை, டயகமயிலிருந்து தலவாக்கலைக்குப் போன ஒரு பஸ்ஸில் முடிந்துபோனது.

அப்போது விஞ்ஞான டீச்சராகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தலவாக்கலையில் பாடசாலைக் கண்காட்சி. நான் கொண்டுபோனது சின்னப் போத்தலில் ஒரு சிட்டிகை வெள்ளை ஊசிகள். தேயிலைத் தூளைச் சூடாக்கி எடுத்த கஃபீன். (ஊரே வாயைப் பிளக்கப் போகிறது என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.) துணைக்கு, கொழுந்து பறிக்கும் அம்மாவும் வந்தார்.

வழியில் பொலிஸ் பஸ்ஸை நிறுத்தியது. ஐஸ் என்கிற வெள்ளைப் பளிங்குப் போதைப்பொருளைத் தேடினார்கள். சார்ஜன்ட் என் பையிலிருந்த போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

தேயிலைத் தூளுக்குச் சிங்களத்தில் 'தே குடு'. பயத்தில் 'தே' தொண்டையிலேயே நின்றுவிட்டது. "குடு, மாத்தயா" என்றேன். (குடு என்றால் ஹெரோயின் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.) நிலைமையைச் சீராக்குவதாக நினைத்து, "மம தமய் ஹெதுவே" என்று சேர்த்தேன். நான்தான் செய்தேன்!

அம்மா உதவிக்கு வந்தார். "ஐயா, அது கறிக்குப் போடுற உப்புங்க!"

சார்ஜன்டுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "அம்மா உப்பு சொல்றது. மகள் குடு சொல்றது. ரெண்டு பேரும் எறங்கு."

ஸ்டேஷனில் வேலை போச்சு, மானம் போச்சு என்று அழுதேன். கடைசியில், "ஒரு அடுப்பும் தேயிலைத் தூளும் குடுங்க சார், செஞ்சே காட்டுறேன்" என்றேன். அவர்களுக்கும் பொழுது போகவில்லை போலும், சமையலறைக்குக் கூட்டிப்போனார்கள். சார்ஜன்டே அடுப்பைப் பற்றவைத்தார்.

பால்மா டின் மூடியில் தூளைப் பரப்பி, மேலே குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்தேன். அவசரத்தில் நெருப்பைக் கூட்டிவிட்டேன். புகை கிளம்பி ஸ்டேஷனே இருமியது.

"இது குடு இல்ல. கரி" என்றார் சார்ஜன்ட்.

மறுபடி, நெருப்பை நன்றாகக் குறைத்து வைத்தேன். டம்ளரைத் தூக்கினேன். அடியில் முழுக்க வெள்ளை ஊசிகள், நுவரெலியாப் புல்லில் உறைபனி பிடித்த மாதிரி. சார்ஜன்ட் டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"தேயிலை உள்ள இது யார் போட்டது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரும் போடலைங்க சார். கொழுந்துக்குள்ள நொதியங்கள்னு கண்ணுக்குத் தெரியாத வேலையாள்கள் இருக்கு. ஒன்னு ஒரு துண்டச் சேர்க்கும், அடுத்தது இன்னொரு துண்டச் சேர்க்கும். பூச்சி தின்னாம இருக்கத்தான் செடி இதச் செய்யுது. நாம தலையிடி மாத்திரையில போட்டு முழுங்குறோம்."

இதற்கு உறவான இன்னொரு சரக்கையும் முதன்முதலில் தேயிலையிலிருந்துதான் எடுத்தார்கள். அது ஆஸ்துமாவுக்கு மருந்து என்றும் சொன்னேன். எல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாடம்தான். ஆனால் நெருப்பும் இல்லாமல் போத்தலும் இல்லாமல், குளிரில் நனைந்துகொண்டே ஒரு தளிர் இதைச் செய்கிறது என்பது அந்தச் சமையலறையில்தான் எனக்கே உறைத்தது.

அம்மா டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். "இத்துனூண்டு கொழுந்துக்குள்ளயா இவ்வளவு வேல நடக்குது? இதையா நான் நகத்தால கிள்ளி கூடைல போட்டுக்கிட்டு இருக்கேன்?"

எங்களை விட்டுவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்காட்சி முடிந்து மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை மட்டும் தப்பியது. இன்றைக்கும் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது மகன் கொழும்பில் பெரிய வேலை பார்க்கிறான் என்று பெருமை பேசினால், அம்மா நிதானமாக வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வார்: "எம் மக பொலிசு டேசனுக்குள்ளயே குடு காய்ச்சுனவ. அடுப்பப் பத்த வச்சுக் குடுத்ததே சார்ஜன்டுதான்."