நாலாம் நம்பர் அதிசயத்துக்கு மோட்டார் ரிப்பேர்

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை, பூகோள வாத்தியார் அவர்களுக்கு, அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த மச்சான் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டில் எல்லாரும் நலம். மோட்டார் மட்டும் நலமில்லை. அங்கு என் தங்கச்சியும் உங்கள் தலைமையாசிரியர் ஆசையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லியிருப்பேன், தங்கச்சி ஸ்பீக்கரில் போட்டுத் தெருவையே கூட்டிவிடுவாள். அதனால் இந்தக் கடிதம்.

விஷயம் என்னவென்றால், வியாழக்கிழமை நாற்பது பிள்ளைகளோடு கல்வி அதிகாரியையும் எங்கள் அருவிக்குக் கூட்டி வருகிறீர்களாம். அருவி முன்னால் நீங்கள் நடத்தும் பாடத்தைப் பார்த்துத்தான் அவர் தலைமையாசிரியர் நாற்காலியைத் தருவாராம். சந்தோஷம். பாடப்புத்தகத்தில் நீங்களே எழுதிய 'நம் நாட்டின் அதிசயங்கள்' பாடத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பாறையின் நெஞ்சைப் பிளந்து ஆயிரமாண்டுகளாக வற்றாமல் பொங்கும் இயற்கை அன்னை' என்ற இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணி வந்துடுச்சு. ஏன்னா மாப்பிள்ளை, அந்த அன்னையை தினம் காலைல ஒன்பதரைக்குப் பச்சைப் பட்டனை அமுக்கி எழுப்பறவன் நான்தான். பெண் கொடுக்கும்போது "எங்க பையனுக்கு அருவி ஆபீஸ்ல வேலை"ன்னு எங்கப்பா சொன்னது பொய்யில்லை. என்ன வேலைன்னு நீங்களும் கேட்கலை, நாங்களும் சொல்லலை. 'உள்ளே செல்லத் தடை'ன்னு ஒரு போர்டு இருக்கே, அதுக்குப் பின்னாடி மோட்டார் ரூம். கீழ விழற தண்ணியை மேல ஏத்தி மறுபடியும் கீழ விடறேன். பதினோரு வருஷமா அதே தண்ணிதான். ஜனங்க அதை 'மூலிகைத் தண்ணி'ன்னு பாட்டில்ல புடிச்சுக்கிட்டுப் போகுது. மத்தியானம் மோட்டார் சூடு தணியறதுக்காக ஒரு மணி நேரம் நிறுத்துவோம், அதுக்குப் பேரு 'அருவியின் ஓய்வு நேரம்'.

நிஜ அருவி எங்கே போச்சுன்னு கேப்பீங்க. உங்க புத்தகத்திலேயே இருக்கு. மனுஷன் கட்டின அதிசயத்துல மூணாம் நம்பர், அணை. இயற்கை அதிசயத்துல நாலாம் நம்பர், எங்க அருவி. எதிரெதிர் பக்கத்துல படம் போட்டிருக்கீங்க. அந்த மூணாம் நம்பரைக் கட்டினாங்க, இந்த நாலாம் நம்பர் செத்துப்போச்சு. புத்தகத்தை மூடினா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்குது, பாவம்.

சரி, அதுவாவது ஓடிக்கிட்டிருந்துச்சு. திங்கட்கிழமை தலைநகரத்துல இருந்து ஒரு பெரிய மனுஷன் வந்து, "இந்த அருவியைப் போலவே எங்கள் உழைப்பும் ஒருநாளும் ஓயாது"ன்னாரு. அந்த 'ஓயாது'ல மோட்டார் கருகிப்போச்சு. சொட்டு, சொட்டு, அப்புறம் அதுவும் இல்லை. தண்ணி இருந்த இடத்துல துருப்பிடிச்ச பைப்பும், அதுமேல ஒரு தவளையும். எங்க ஆபீஸ் மேனேஜர் போன்ல கத்தறாரு:

"யோவ், அருவியைப் போடுய்யா!"

"சார், மோட்டார் காயில் போயிடுச்சு சார்."

"இயற்கைக்கு ஏதுய்யா காயிலு? சத்தமாப் பேசாதே!"

கீழ பெரிய மனுஷனோட உதவியாளர் சமாளிச்சாரு பாருங்க: "ஐயா பேசறதைக் கேட்டு அருவியே அசந்து நின்னுடுச்சு!" எல்லாரும் கைதட்டினாங்க. தவளைதான் வெட்கப்பட்டுப் பைப்புக்குள்ள போயிடுச்சு.

மெக்கானிக் காயில் கட்டப் பத்து நாள் கேக்கறான். அதனால தயவுசெஞ்சு வியாழக்கிழமை வராதீங்க மாப்பிள்ளை. அதிகாரி முன்னாடி வெறும் பாறையைக் காட்டி 'வற்றாமல் பொங்கும்'னு நீங்க பாடம் நடத்தினா, நாற்காலி இல்லை, முக்காலிகூடக் கிடைக்காது. ஆறாம் நம்பர் குகைக்குப் போங்க. அங்கே கரண்ட் போனாலும் இருட்டுதான், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.

தங்கச்சிக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கு வயசுல ஆசீர்வாதம், படிப்புல கும்பிடு.

இப்படிக்கு,
இயற்கை அன்னையின் பட்டன்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதினதெல்லாம் செல்லாது. இன்னைக்குப் புதன்கிழமை. மலையில பேய்மழை, அணை தாங்காம மதகைத் திறந்துட்டாங்க. நிஜ அருவி வந்துடுச்சு! செக்கச்செவேல்னு, மரத்தையெல்லாம் உருட்டிக்கிட்டு வந்து மோட்டாரையும் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. பார்க்க வந்தவங்க புத்தகப் படத்தோட ஒத்துப் பார்த்துட்டு, "இது ஒரிஜினல் மாதிரி இல்லையே"ன்னு சண்டை போடறாங்க. சாயங்காலம் மேனேஜர் போன் பண்ணி, "மணி அஞ்சாச்சு, நிறுத்துய்யா"ங்கறாரு. தபால்ல போட்டா நேரமாகும்னு பஸ் டிரைவர் கையில கொடுத்து விடறேன். தைரியமா அதிகாரியைக் கூட்டிட்டு வாங்க, பிள்ளைகளைக் கம்பிக்கு அந்தப்பக்கம் விடாதீங்க. மதகுக்காரன் நம்ம சிநேகிதன். வியாழன் மத்தியானம் பன்னிரண்டு வரைக்கும் மூடாதேன்னு சொல்லி வெச்சிருக்கேன். அதுக்குள்ள ஆயிரமாண்டையும் சுருக்கமா முடிச்சுடுங்க.