தோசைமாவுக்குக் காணாத சூடு

வேலை போன செய்தியை மனைவிக்குச் சொல்வதில்லை என்று வாகீசன் முடிவெடுத்தான். உலகத்தில் எத்தனையோ பேருக்கு வேலை போகிறது. எல்லாரும் சொல்லிக்கொண்டா திரிகிறார்கள்? வேறு வேலை கிடைத்தபிறகு ஆறுதலாகச் சொல்லலாம். அதுவரை தனுசியாவின் முகத்தைப் பார்க்கத்தான் அவனுக்குத் தைரியம் இல்லை.

லண்டன் கொம்பனி ஒன்றுக்குக் கொக்குவில் வீட்டிலிருந்தே கட்டடப் படம் கீறிக் கொடுப்பது அவன் வேலை. தனுசியாவின் காப்புகளை விற்று வாங்கிய லப்டொப்பை மூடி வைத்து, பெரிய திரையில் இணைத்துக் கீறுவான். மூடிய லப்டொப் அடுப்பாய்க் கொதிக்கும். மார்கழிக் குளிரில் தோசைமா புளிக்க இதைவிடத் தோதான இடம் இல்லையென்று கண்டுபிடித்த தனுசியா, மாச்சட்டியை அதன்மேல் ஏற்றிவிட்டாள்.

"மூடின லப்டொப்புக்கு மேலை பாரம் வைச்சா சூடு எங்கையப்பா போறது?"

"மாவுக்குப் போகும்."

அத்தோடு வழக்கு முடிந்தது.

இப்போது கீற எதுவும் இல்லை. பழைய படம் ஒன்றைத் திறந்துவைத்துவிட்டு, நாள் முழுக்க அதன் யன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயத்தில் சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழும்பினான்.

"இஞ்சேருங்கோ, மா பொங்குதில்லை. லப்டொப் ஐஸ் மாதிரிக் கிடக்குது."

"அது... சூடு குறைக்கக் கொம்பனி புதுசா ஒரு புரோகிராம் அனுப்பினது."

"ஓமோ? நல்ல கொம்பனி."

அந்த 'நல்ல கொம்பனி'யில் அவனுக்கு வியர்த்துவிட்டது. சந்தேகம் வந்துவிட்டதோ? இனி லப்டொப் சுட்டே ஆகவேண்டும். மறுநாள் காலையில், பென்னாம்பெரிய ஹோட்டல் படம் ஒன்றை வெயில், நிழல் எல்லாம் போட்டுத் தீட்டும்படி லப்டொப்பை ஓடவிட்டான். அதுவும் காணாதென்று கீழே தலையணை, மேலே துவாய். லப்டொப் மூச்சுவிட ஒரு ஓட்டைகூட மிச்சம் வைக்கவில்லை.

மத்தியானம் தனுசியா சட்டியை வைக்கும்போது தொட்டுப் பார்த்தாள்.

"அம்மாடி! இண்டைக்குச் சரியான வேலை போலை."

"ஓம், தலைக்கு மேலை."

வேலை போனபிறகு முதல்தரமாக வாகீசன் அன்று இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டான். கை கழுவும்போதே கருகல் மணம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மா பொங்கியதோ என்னவோ, பற்றரி பொங்கிவிட்டது. மூடி நிமிர்ந்து, சட்டி சரிந்து, மா முழுவதும் லப்டொப்புக்குள் இறங்கியிருந்தது. திரை கறுத்துப்போய்க் கிடந்தது.

கதிரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

"எனக்கு வேலை போட்டுது தனுசியா."

"தெரியும். மா பொங்காத அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன்." துவாயால் மாவை வழித்துக்கொண்டே சொன்னாள். "கொழும்பிலை இருக்கிற செந்தூரன் அண்ணையிட்டை அழுது ஒரு வேலை எடுத்து வைச்சிருக்கிறன். உதே படம் கீறுற வேலைதான். நாளைக்கே தொடங்கட்டாம்."

வாகீசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மெய்யே?"

"மெய்தான். லப்டொப் மட்டும் எங்கடையா இருக்கோணுமாம்."