நாடியில் நாடி நின்ற கதை

ஃபிஜித் தீவில், வோட்டுவாலேவில் ஒரு சாமி செத்துச் செத்துப் பிழைக்கிறார் என்று செய்தி பரவியதும், சுற்று வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஜனம் பஸ் ஏறியது. சாவது பெரிய விஷயமில்லை. அதை எல்லாரும் ஒரு தடவை செய்துதான் தீர வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், பிறத்தியார் விசாவுக்காகச் செத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் பிழைத்து வருகிறவர் வீரசாமி ஒருவர்தான்.

அது இந்திய வம்சத்துப் பிரதமரைச் சிறைபிடிக்கப் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்த வருஷம். தலைநகர் சூவாவில் கடைகள் எரிந்தன, ஊரடங்கு போட்டார்கள். முந்தின புரட்சியில் பாதிச் சொந்தம் கிளம்பிப் போயிருந்தது. இந்தப் புரட்சியில் மீதிப் பாதி பெட்டி கட்டியது. கல்யாண வீட்டில் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கிற வழக்கம் போய் 'பேப்பர் போட்டாச்சா?' என்று கேட்டார்கள். பேப்பர் என்றால் விசா மனு. போட்டவன் பதிலுக்காகக் காத்திருந்தான். போடாதவன் போட்டவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

இப்படிப்பட்ட நேரத்தில் தெய்வ அருள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. வேறெங்கே இறங்கும்? அருளுக்கும் ஓடுபாதை வேண்டாமா? அதிலும் வீரசாமி, காவி கட்டுவதற்கு முன்னால் அதே விமான நிலையத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். அங்கே அவர் கற்றது ஒரே ஒரு தத்துவம்: பாரம் கூடினால் ஏறவிட மாட்டார்கள்.

"பாரத்தை இறக்கி வை. விசா தானா வரும்" என்பார்.

பாரம் என்றால் பாவம் என்று நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு போனவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாரம் என்றால் ஃப்ரிட்ஜ். துணி துவைக்கிற மெஷின். புல் வெட்டுகிற மெஷின். கறவை மாடு. சிட்னி போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? சாமியின் முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். சாமி பேசும்போது தலைக்கு மேலே விமானம் பறந்தால் உத்தரவு கிடைத்துவிட்டதாகக் கணக்கு. வோட்டுவாலேவில் உத்தரவுக்குப் பஞ்சமா?

ஊர்ப் பெயரிலும் அவருக்கு ஒரு புதையல் கிடைத்தது. வோட்டுவாலேவு நாடி டவுனைச் சேர்ந்தது. நாடி என்று எழுதி நாந்தி என்று கூப்பிடுகிற ஊர் அது. ஃபிஜி எழுத்து அப்படித்தான். பள்ளிக்கூடம் போன குழந்தைக்கும் தெரியும். சாமியோ, "இது தமிழ்ப் பேரு! அகத்தியர் வச்ச பேரு! மனுஷ நாடி நின்னு, ஆத்மா கிளம்புற தலம்!" என்றார். அகத்தியர் எந்த விமானத்தில் வந்து இறங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. மெட்ராஸிலிருந்து கூலிக் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்து வெகுகாலமாயிற்று. புரியாத தமிழெல்லாம் அவர்களுக்குத் தெய்வத் தமிழ். (இந்தக் கதையில் வருகிறவர்கள் பேசுவதும் ஃபிஜி ஹிந்திதான். படிக்கிறவர்களுக்காகத் தமிழில் கொடுத்திருக்கிறது. சாமியின் தமிழைவிடக் கொஞ்சம் நல்ல தமிழில்.)

அந்த ஊர்க்காரன்தான் பிரனில். சூவாவில் டாக்டருக்குப் படிக்கிறவன். ஊரடங்கில் கல்லூரியை மூடிவிட்டதால் வீட்டுக்கு வந்திருந்தான், ஒரு பெட்டி புத்தகத்தோடும் ஒரு பை எலும்போடும். எலும்பு கல்லூரி இரவல் கொடுத்தது. மனித உடம்பில் இத்தனை எலும்பு எதற்கு என்று படைத்தவனைக் கேட்க முடியாததால், ஒவ்வொன்றையும் மடியில் வைத்து மேடு பள்ளத்தின் பேரையெல்லாம் நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் பிண அறை மருந்து நாற்றம் சட்டையை விட்டுப் போகவில்லை. அது போதாதென்று மனத்தில் ஒரு முள் வேறு.

கல்லூரி மூடுவதற்கு முன்னால், ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பெரியவரின் கையைக் கொடுத்து நாடி பார்க்கச் சொன்னார்கள். பிரனில் தொட்டான், தடவினான், அமுக்கினான். "நாடி இல்லை, சார்" என்றான்.

"டீ எப்ப வரும்?" என்று கேட்டார் பெரியவர்.

பெரிய டாக்டர் சிரிக்கவே இல்லை. "மணிக்கட்டில் கிடைக்கலேன்னா கழுத்தில் பார். ஆள் போயிட்டாரா, இல்லை உன் விரல் போயிடுச்சான்னு முதல்ல தெரிஞ்சுக்கோ" என்றார். அன்றிலிருந்து வகுப்பில் அவனுக்கு யமராஜ் என்று பெயர்.

இந்த யமராஜுக்குத்தான் இப்போது வீட்டிலேயே ஆபத்து வந்தது. அம்மா இந்திராவதி சாமியைப் பார்க்கப் போனாள். பிஜேந்திராவின் டாக்ஸியில் போனாள். பிஜேந்திரா சாமியின் முதல் சீடர். பஸ் நிலையத்திலிருந்து பக்தர்களை ஏற்றி வருவது அவர் தொண்டு. வழியெல்லாம் இந்திராவதி பேசிக்கொண்டே போனாள்: மகன் பிணம் அறுக்கிற படிப்பு, கட்டிலுக்கடியில் எலும்பு, சட்டையில் நாற்றம். சாமியின் எதிரே உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் சாமி மூக்கைப் பொத்தினார்.

"உன் வீட்டில் பிண வாடை அடிக்குது!"

இந்திராவதி அழுதேவிட்டாள். சாமிக்குத் தெரியாத ரகசியம் இல்லை. டாக்ஸியில் சொல்லாத ரகசியமும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

"மாட்டை ஏற்கனவே குடுத்தாச்சே, சாமி."

"மாடு சின்ன பாரம். பெரிய பாரம் அந்தப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை எலும்பையும் புத்தகத்தையும் கொண்டாந்து இறக்கு. பையன் இனி பிணத்தைத் தொடமாட்டேன்னு கற்பூரம் அணைக்கட்டும்."

அதே வாரம் ரேடியோவில் சொன்னார்கள்: கல்லூரி திங்கட்கிழமை திறக்கிறது.

"அம்மா, நான் போகணும்" என்றான் பிரனில்.

"போ பேட்டா, யார் வேணாம்னா? சிட்னிக்குப் போ. உன் சின்னம்மா மகன் அங்கே கறிக்கடையில் வேலை பார்க்கலையா?"

"அவனும் பிணம்தானே அறுக்கிறான்?"

"அது ஆட்டுப் பிணம்! வாயைப் பாரு வாயை!"

அப்பா நாகையா யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வீட்டில் சண்டை வந்தால் அவர் அங்கேதான் இருப்பார்.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்க."

நாகையா ஒரு சிரட்டை குடித்துவிட்டு யோசித்தார். "மாடு போனதிலிருந்து டீ நல்லால்லே" என்றார். அவரளவில் அது ஒரு புரட்சிதான். ஆனால் ஆட்சி மாறவில்லை.

"அவர் நாடியையே நிறுத்துறார்டா!" என்றாள் அம்மா. "ஹெட்மாஸ்டர் தொட்டுப் பார்த்திருக்கார். நிக்குதுன்னு அவரே சொன்னார். நாடி நின்னதும் ஆத்மா சூவாவுக்குப் போய், விசா ஆபீசில் நம்ம ஃபைலை மேலே எடுத்து வைக்குது."

"வழியெல்லாம் சோல்ஜர் நிக்கிறானே, எப்படிப் போகுது?"

"ஆத்மாவுக்கு ஏதுடா ஊரடங்கு?"

பிரனில் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக் கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிரம்பி வழிந்தது. ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவே ஜனம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவர் மடியிலும் பாஸ்போர்ட். ஓரத்தில் நின்ற நாகையாவின் மாடு அவரைப் பார்த்து 'ம்மா' என்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிரனிலின் தோளில் எலும்புப் பை. கற்பூரத் தட்டு தயாராக இருந்தது. இன்றைக்கு அணைத்தால் நாளைக் காலை பஸ் அவனில்லாமல் போகும்.

சாமி தொளதொளத்த காவி ஜிப்பாவில் வந்து அமர்ந்தார். இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டி, முன்கையை மட்டும் நீட்டிக் கண்ணை மூடினார். பிஜேந்திரா எழுந்தார்.

"சாமி கிளம்பப் போறார்! நாடி பார்க்கப் படிச்சவங்க யாராச்சும் வாங்க!"

"என் மகன்!" என்று துள்ளி எழுந்தாள் இந்திராவதி. "டாக்டருக்குப் படிக்கிறான்!" அந்தப் படிப்பை விடச் சொல்லத்தான் அவனை இழுத்து வந்திருக்கிறோம் என்பது அந்த நிமிஷம் அவளுக்கு மறந்துபோயிற்று. பெருமை யாரை விட்டது?

பிரனில் போய் மணிக்கட்டைத் தொட்டான். முதலில் துடித்தது. சாமி ஏதோ மந்திரம் முணுமுணுத்து உடம்பை இறுக்கினார். துடிப்பு மெலிந்தது. நின்றது. அடுத்த கையைப் பார்த்தான். அங்கேயும் இல்லை. வார்டும், டீ கேட்ட பெரியவரும் கண்முன் வந்தார்கள்.

"என்ன பேட்டா?" என்றாள் அம்மா.

"நாடி இல்லை."

"நாடியிலே நாடி நின்னுருச்சு!" என்று பிஜேந்திரா கத்தினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சரியாக ஒரு விமானம் வேறு பறந்தது.

பிரனில் நகரவில்லை. ஆள் போய்விட்டாரா, இல்லை தன் விரல் போய்விட்டதா? இரண்டு விரலை மெதுவாக சாமியின் கழுத்தில் வைத்தான்.

அங்கே கரும்பு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தடதட, தடதட. முழுப் பாரத்தோடு.

"கழுத்தைத் தொடாதே! ஆத்மா வழிதவறிப் போகும்!" என்றார் பிஜேந்திரா.

"தவறாதுண்ணே. இங்கேதான் இருக்கு" என்றான் பிரனில். அப்புறம்தான் அந்த விறைத்த கைகளைக் கவனித்தான். அக்குளில் ஓடுகிற ரத்தக்குழாய் அவனுக்கு நெட்டுரு. அதன் பேருக்காகத்தான் எத்தனையோ இரவு தூக்கம் போயிருந்தது. அங்கே எதையாவது வைத்து இடுக்கினால் மணிக்கட்டில் நாடி எப்படி இருக்கும்?

இதை விளக்கிச் சொன்னால் ஜனம் கேட்குமா? கேட்காது. ஆனால் ஹிந்தி பேசுகிற அத்தனை வாய்க்கும் மறக்காத தமிழ் ஒன்று இருக்கிறது. பிரனில் கூட்டத்தின் பக்கம் திரும்பி, காவடித் திருநாளில் கத்துகிற குரலில் கத்தினான்.

"வெற்றிவேல் முருகனுக்கு!"

"அரோகரா!"

பழக்கம் என்பது பழக்கம்தான். கிழவி முதல் கைக்குழந்தைக்காரி வரை எல்லார் கையும் தலைக்கு மேலே போயிற்று. பாஸ்போர்ட்டுகள் கோழிக்குஞ்சு மாதிரி சிதறின. பிஜேந்திராவின் கைகூடத் தானாக ஏறிவிட்டது. தூக்காத கை இரண்டே இரண்டு. சாமியின் கைகள்.

எல்லார் கண்ணும் அந்த இரண்டு கைக்குப் போயிற்று.

"முருகனுக்கே கை தூக்கலையே!" என்றது ஒரு குரல்.

இந்திராவதி எழுந்தாள். ஆத்மா இல்லாத உடம்பு எப்படித் தூக்கும், பாவம்! சாமிக்குத் தெய்வக் குற்றம் வந்துவிடக் கூடாதே என்று ஓடிப்போய், பக்தியோடு அவருடைய இரண்டு கையையும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள்.

ஜிப்பாவுக்குள்ளிருந்து ஒரு எலுமிச்சம்பழம் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. இரண்டும் உருண்டு போய் ஒரு ஃப்ரிட்ஜில் முட்டி நின்றன.

பிரனில் சாமியின் மணிக்கட்டைத் தொட்டான். "ஆத்மா திரும்பி வந்தாச்சு, அம்மா. பழம் விழுந்ததும் நாடி துடிக்குது."

இந்திராவதி ஒரு பழத்தை எடுத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. அதையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அப்பாவியே தவிர முட்டாள் இல்லை.

"ஏன் சாமி, எல்லாரையும் சிட்னிக்கு அனுப்புறீங்களே, நீங்க மட்டும் ஏன் இன்னும் வோட்டுவாலேவில் இருக்கீங்க?"

இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு மாடு மிச்சமாயிருக்கும்.

சாமி கண்ணைத் திறந்தார். காவிக்குள்ளிருந்து பழைய மூட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். "நானும் பேப்பர் போட்டிருக்கேன், அக்கா" என்றார் மெல்லிய குரலில். "ரெண்டு தடவை திருப்பிட்டான்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு அவரவர் ஃப்ரிட்ஜைத் தேடி ஒரே நெரிசல். 'இது என் மெஷின்', 'கதவைப் பார், என் மகன் ஒட்டின ஸ்டிக்கர்!' பக்தி வந்த வழியே பாரம் திரும்பிப் போயிற்று. பிஜேந்திராவின் டாக்ஸிக்கு அன்று நல்ல சவாரி. நாகையா யாரையும் கேட்காமல் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில், இந்திராவதி எலும்புப் பையைத் தானே தூக்கி வந்து மகனிடம் கொடுத்தாள்.

"முடிச்சுட்டு அப்புறமா சிட்னிக்குப் பேப்பர் போடலாம். டாக்டர்னா சுலபமாமே?"

"யார் சொன்னாங்க?"

"பிஜேந்திரா டாக்ஸியில் சொன்னான்" என்றவள், தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி, சரி. நீயே விசாரிச்சுச் சொல்லு."

நாடு விட்டுப் போவது குற்றமில்லை. வீட்டு வாசலில் துப்பாக்கி நின்றால் யாருக்கும்தான் கால் பரபரக்கும். ஆனால் ஒன்று: நம் முப்பாட்டனிடம் கூலிக்கு ஆள் பிடிக்கிற ஒருவன் வந்து, 'ஃபிஜி இதோ பக்கத்தில்தான், கரும்புச் சக்கரையைச் சும்மா வழித்துத் தின்னலாம்' என்றான். முப்பாட்டன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கப்பலேறினான். இப்போது திரும்பவும் ஏறப் போகிறோம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். வழி சொல்கிறவனை மட்டும், ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை, இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.