என் விடுப்புக்கு நானே ஒப்புதல் தர வேண்டியிருந்த விவகாரம்

என் அக்கா பெற்ற அறிவுக் களஞ்சியத்துக்கு, எட்டு வேன்களையும் எண்ணிலடங்காப் போர்வைகளையும் கட்டியாளும் லாண்டரி மேலாளராகிய உன் தாய்மாமன், வீங்கிய இடது கன்னத்தோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நலமில்லை. அவ்விடம் நலமென்றே தெரிகிறது. இல்லாவிட்டால் மாமன் போனை இத்தனை கம்பீரமாக எடுக்காமல் இருக்க முடியுமா.

எங்கள் லாண்டரிக்கு ஆப் கட்ட எந்தத் தளம் உசத்தி என்று இரண்டு கம்பெனிகளை மோதவிட்டு மார்க் போடும் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்தார் அல்லவா. உன் கம்பெனி சார்பில் நீ கொண்டுவந்த தளத்தில் எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுத வேண்டும், நாளாகும், ஆனால் எங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும், வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். போட்டிக் கம்பெனியிலிருந்து கோட்டு போட்டுக்கொண்டு வந்தவரின் தளத்தில் கட்டங்களை இழுத்து இழுத்து வைத்தால் ஆப் தயார், ஆனால் ஓடுவது அவர்கள் இடத்தில், சாவியும் அவர்கள் கையில். "எல்லா அப்ரூவலும் என்கிட்டதான் வரணும்" என்றேன். நான் டீ குடித்து முடிப்பதற்குள் கோட்டுக்காரர் கட்டிக் காட்டி, "சார், இந்த சிஸ்டத்துக்கே நீங்கதான் சூரியன்" என்றார். நீயோ பேனா மூடியைக் கடித்துக்கொண்டே, "மாமா, நீங்க லீவுல போனா யாரு அப்ரூவ் பண்ணுவாங்க?" என்றாய். அதுவும் சபையில். "நான் லீவே போடமாட்டேன்மா." "பல்லு வலிச்சாகூடவா?" கணக்காளர் சிரித்துவிட்டார். அந்த வாய்க்காகத்தான் உன் மார்க்கில் கை வைத்தேன். வெளியில் மட்டும், சொந்தக்காரிக்குச் சலுகை காட்டாத உத்தமன் என்று சொல்லிக்கொண்டேன்.

பல் வலித்தது. தந்தம் முறிந்த யானைகூட இப்படிக் கத்தியிருக்காது. ஜெயிக்கவைத்த கோட்டுக்காரரின் ஆப்பில் லீவு கேட்டேன். உங்கள் மேலாளருக்கு அனுப்பியாயிற்று என்றது. மேலாளர் யார், நான்தான். பெரிய மனசு பண்ணி எனக்கு நானே லீவு கொடுத்தேன். அடுத்த நொடியே, லீவில் இருப்பவர் எதற்கும் ஒப்புதல் தரக்கூடாது என்று சொல்லி அது என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. நான் அப்ரூவல் தட்டாமல் ஒரு வேன் நகராது, ஒரு மெஷின் சுற்றாது. ஈரப் போர்வை வாடையில் தெருக் காக்கைகள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தன. எங்களிடம் போர்வை வெளுக்கப் போடும் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்திக்கொண்டார்களாம். பல் டாக்டர் நாற்காலியில் கிடக்கும்போது வேன் டிரைவர் போனில், "சார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறான். வாயைத் திறந்துதானப்பா வச்சிருக்கேன், வார்த்தைதான் வரலை. கோட்டுக்காரரைப் பிடித்தால், "நீங்க சொன்னபடிதானே கட்டினோம் சார், மாத்திக்கலாம், உங்க அப்ரூவல் மட்டும் போதும்" என்கிறார்.

இதெல்லாம் போகட்டும். நான் குறைத்த மார்க்கினால் உன் கம்பெனியில் உன்னை அந்த வேலையிலிருந்தே எடுத்து, யாரோ எழுதிய பழைய ஆப்புக்கு ஒட்டுப்போட உட்கார வைத்துவிட்டார்கள் என்று நேற்றுத்தான் அக்கா சொன்னாள். பல் பிடுங்கினபோது இந்த வலி இல்லையம்மா. நீ கேட்டது ஒரே கேள்வி, அதுவும் எனக்காகக் கேட்டது. முதலாளி, "உங்க மருமக திங்கட்கிழமைக்குள்ள சரின்னா ஆப்பை மறுபடி கட்டுற வேலை அவங்களுக்குத்தான், இல்லேன்னா வேற ஆளைப் பார்ப்பேன்" என்கிறார். சரி என்று சொல்லிவிடு. நான் லீவில் போனால் அப்ரூவ் பண்ண எனக்குப் பதிலாக யாரை வேண்டுமானாலும் போட்டுக்கொள், அந்தக் கணக்காளரையே போடு. ஆனால் ஒன்று, மாமன் உன் வாசலில் வந்து நின்று கெஞ்சுவான் என்று மட்டும் கனவு காணாதே. மேலாளர் பதவிக்கென்று ஒரு மிடுக்கு உண்டு. இக்கடிதம் அலுவலக முத்திரையோடு முறைப்படி வரும்; நீயும் முறைப்படி பதில் போடு.

நீ எழுதுவதெல்லாம் முதல் தடவையே ஓடட்டும், உன் மேலதிகாரிக்கு என் அறிவு வாய்க்காமல் இருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் மாமன்

பி.கு.: அலுவலகத்திலிருந்து வெளியே போகும் கடிதத்துக்கும் அப்ரூவல் வேண்டுமாம். என்னுடையது. ஆகவே கையோடு கொண்டுவந்து, உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்; எழுதி முடித்ததும் உன் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை யாரென்று கேட்டுவிட்டார். வாய் வீங்கிப் பேச்சு வராததால் கன்னத்தைக் காட்டினேன், அவருக்குப் புரியவில்லை. கதவைத் திறம்மா. சூரியனுக்கு இடுப்பு வலிக்கிறது.