நாகலூர் கட்டுரையை நான் நோட்டீஸ் ஆக்கிய கதை

ஒரு வேலை நமக்கு நன்றாக வரும் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், வராத வேலையிலும் தலையை நுழைத்துவிடுவோம். கண்ணுகளா, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது அதுதான்.

நான் படித்தது ஒன்பதாவது. எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறேன். ஆனால் நம் ஊர் நாகலூரில் கோயில் திருவிழா நோட்டீஸ் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யாருக்குத் 'திரு', யாருக்கு 'உயர்திரு' எல்லாம் எனக்கு அத்துப்படி. (ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டுக்காரர் அடுத்த திருவிழா வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார்.)

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, உங்கள் அம்மா செல்போனில் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து நாகலூரைத் தேடியிருக்கிறாள். ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அதிலேயே போட்டிருந்ததாம். காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்து, அடுப்பில் உலையை வைத்துவிட்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டித் தானே ஒரு வரைவு எழுதி அனுப்பிவிட்டாள். முகம் தெரியாத யாரோ ஒருவர் படித்துப் பார்த்துப் பதில் போட்டிருந்தார்: "நல்ல தொடக்கம். தகவல்களுக்கு ஆதாரம் சேர்த்தால் ஏற்றுக்கொள்ளலாம்."

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்தாவது தேறியபோதுகூட அப்படிச் சிரித்திருக்கமாட்டாள்.

"ஏனுங்க, ஏற்காட்டு லைப்ரரில மலையப் பத்தி புஸ்தகம் இருக்குதாமா. ஞாயித்துக்கெழம பஸ்ஸுல போயி பாத்துட்டு வரட்டுங்களா?"

"எதுக்கு புள்ள? நம்ம ஊருக்கு நாமளே ஆதாரம். எங்கிட்ட உடு, ஜோரா பண்ணித் தாரேன்."

"நொம்ப மாத்திராதீங்க."

"எத்தன நோட்டீஸ் எழுதியிருக்கறேன்! எனக்கே சொல்றயா?"

மறுநாள் எனக்கு லீவு. செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். டீக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ராசு எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, எங்கடை இல்லாம ஒரு நாகலூராங்க?"

நியாயம்தானே? சேர்த்தேன். பெஞ்சில் இருந்த டெய்லர், "அப்ப எம்பேரு?" என்றார். சேர்த்தேன். கோயில் தலைவரும் பழைய தலைவரும் வந்து சேர்ந்தார்கள்.

"எம்பேரு மொதல்ல வரோணும்."

"அதெப்புடிங்க? கோபுரத்துக்கு பெயின்ட் அடிச்சது ஆரு?"

இரண்டு பேரையும் ஒரே வரியில் போட்டேன். இடது பக்கம் யார், வலது பக்கம் யார் என்று அதற்கும் ஒரு சண்டை. நான் நடுவில் நின்று தீர்த்து வைத்தபோது, மலையையே நான்தான் தூக்கிப் பிடித்திருப்பது போல இருந்தது.

நோட்டீஸ் என்றால் ஒரே பக்கம். பெயர்கள் பெருகிவிட்டதால் எதையாவது எடுக்க வேண்டும். உங்கள் அம்மா காப்பிப் பழம் பறிப்பது பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள். பனியில் இலையெல்லாம் நனைந்திருப்பது, சாக்கை இடுப்பில் கட்டிக்கொள்வது, காயை விட்டுப் பழத்தை மட்டும் விரலால் திருகி எடுப்பது. இது ஊருக்கே தெரிந்ததுதானே என்று அதை அழித்துவிட்டேன். ஆதாரத்துக்கு? நானே எழுதிய திருவிழா நோட்டீஸைக் குறிப்பிட்டேன். (எனக்கு நானே சாட்சி!) கடைசியில் கை சும்மா இருக்கவில்லை. "அனைவரும் வருக! ஆதரவு தருக!" என்று முடித்து அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. விளம்பரமாக இருப்பதால் வரைவு நீக்கப்பட்டது.

உங்கள் அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஈரச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் செல்போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பழம் பறிக்கறத எழுதியிருந்தனே, அது எங்கீங்க?"

அவள் அதைத் தாளில் எழுதி வைத்திருக்கவில்லை. நேராகச் செல்போனிலேயே தட்டியது. நான் சொன்ன ஜோர் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வடிந்துபோனது.

"திரும்ப எழுதிக்கலாம் புள்ள" என்றேன். அவள் உலை வைக்கப் போய்விட்டாள். மறுநாள் டீக்கடையில் ராசு, "எங்கடைப் பேர எடுத்துப்போட்டீங்களாமா?" என்று டீயைத் தண்ணீராகக் கொடுத்தார்.

இப்போதும் அவள் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறாள். மிளகு பற்றி, பறவைகள் பற்றி, லைப்ரரிக்குப் போய்ப் படித்துவிட்டு எழுதுகிறாள். வேறு ஏதோ பெயரில். அந்தப் பெயர் உங்கள் இருவருக்கும் தெரியும், எனக்குத்தான் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். நாகலூரைப் பற்றி மட்டும் அவள் திரும்ப எழுதவேயில்லை. எப்போதாவது தேடிப் பார்ப்பேன். இன்னும் ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடக் கட்டுரையை நான் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டால் போதும், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து "அனைவரும் வருக!" என்று கத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடுகிறீர்கள். ஓடுங்கள், அதுதான் சரி.

இதை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் காட்டினேன். பழம் பறிக்கிற இடம் வந்ததும் நிறுத்தி, இரண்டு முறை படித்தாள்.

"சாக்குக்கு உள்ளுக்குள்ள பிளாஸ்டிக் தாளு வெச்சுக் கட்டுவோம், அத உட்டுட்டீங்க" என்றாள்.

"சேத்துக்கட்டுமா?"

"வேண்டாம். உங்குளுது உங்குளுதாவே இருக்கட்டும்."