சூடேறினால் நிற்கிற லாரி

லாரிக்காரரின் வலது கட்டைவிரல் வீங்கிச் சின்னக் கத்தரிக்காய் போல ஆகிவிட்டது. வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் பம்ப்பின் குமிழை அமுக்கி அமுக்கி டீசல் ஏற்றியது அந்த விரல்தான்.

நாலு நாளாக இதே கதை. இருபது நிமிடம் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. சூடேறியதும் திணறி, இரண்டு உலுக்கு உலுக்கிச் செத்துவிடும். ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி உறுமும்.

"சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. அப்போ வியாதி சூட்டுலதான்," என்றார் கூடவே வண்டியில் வந்த மெக்கானிக்.

"மதியத்துக்குள்ள இந்த லோடு இறங்கலேன்னா காண்ட்ராக்டர் வேற வண்டி பாத்துடுவாரு," என்று செங்கல் அடுக்கின் மேலிருந்து கத்தினாள் லாரிக்காரரின் மனைவி. "எங்களுக்கு இருக்கறதே இந்த ஒரு வாடகைதான்."

"பதறாதீங்கம்மா. ஃபில்டர்தான்."

ஃபில்டரை மாற்றினார். இருபத்தோராவது நிமிடம் வண்டி நின்றது.

"பாத்தீங்களா, ஒரு நிமிஷம் கூடுதலா ஓடுச்சு!" என்றார் மெக்கானிக்.

அடுத்து, பம்ப்பைக் குளிரவைக்க ஈரச்சாக்கைச் சுற்றினார். சாக்கு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, போகும்போது பெல்ட்டையும் கூட்டிக்கொண்டு போனது. புது பெல்ட் மாட்டி, பம்ப்பையே கழற்றிப் பூட்டினார். இப்போது வண்டி வெள்ளைப் புகை கக்கியது. மேடு ஏற மறுத்தது. இருபதாவது நிமிடம் நின்றும் தொலைத்தது.

"காலையில ஒரு வியாதி. இப்போ மூணு," என்றாள் மனைவி. "நீங்க கை வைக்காதது ஹார்ன் ஒண்ணுதான். அதையும் கழட்டிடுங்க."

அப்போது போன் அடித்தது. லாரிக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரிங்க," என்று வைத்தார்.

"என்னவாம்?"

"இருக்கற கல்ல இறக்கிட்டுப் போகச் சொன்னாரு. நாளையிலேருந்து வேற வண்டியாம்." வீங்கிய விரலைத் தடவிக்கொண்டார். "அந்த வண்டியாவது நிக்காம ஓடணும்."

"ஆமா, அதுக்கும் போய் நீங்களே குமிழ அமுக்குங்க!" என்றவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டி நின்றிருந்தது ஒரு பஞ்சர் கடை வாசலில். "உக்காருங்கண்ணே," என்று கடைக்காரி ஸ்டூலை நகர்த்தினாள். உட்கார்ந்த லாரிக்காரர் தலையை நிமிர்த்தவில்லை.

மெக்கானிக்குக் கழற்ற எதுவும் மிச்சமில்லை. டீசலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. சட்டென்று ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். கொதிக்கிற எஞ்சின் அப்படியே உறுமியது.

"சூடே இல்லைங்க!" என்று குதித்தார். "டீசல் குறையக் குறைய டேங்குக்குள்ள காத்து போகணும். அதுக்குத்தான் மூடியில ஊசி ஓட்டை. எவனோ ரப்பர் வச்சு அடைச்சிருக்கான். காத்து இல்லாம டீசல் எப்படி வரும்? ஒரு மணி நேரம் நின்னா காத்து மெல்லக் கசிஞ்சு உள்ள போயிடும், அதான் மறுபடி ஓடுது."

லாரிக்காரர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. "எவன்டா அவன்? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட பாவி! கையில மட்டும் கெடச்சான்..."

கடைக்காரி மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நம்ம ஒட்டுதாண்ணே! மழைத்தண்ணி இறங்குதுன்னு போன வாரம் நீங்கதானே பக்கத்துல நின்னு ஒட்ட வச்சீங்க? அந்தக் கூலி இன்னும் பாக்கி இருக்கு."