பாசஞ்சர் வண்டியில் தீர்ந்த இலக்கண வழக்கு

கும்மிடிப்பூண்டி,
பிப்ரவரி 1974, வியாழக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய அண்ணன் துளசிராமன் அவர்களுக்குத் தங்கை மணியம்மாள் வணங்கி எழுதுவது. நான் இங்கு நலம். திருப்பாச்சூரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமென்றும், மழைக்குத் தப்பி நெல் வீடு வந்து சேர்ந்ததென்றும் நம்புகிறேன்.

மூன்று பேர் ஒரே விடையை எழுதினால், விடை சரி என்று அர்த்தமா, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்று அர்த்தமா? எனக்குத் தெரியவில்லை. எம்.ஏ. படித்து, ஐம்பது வயதை நெருங்கியும் தெரியவில்லை. ஆனாலும் இன்றைக்கு நான் ஜெயித்துவிட்டேன், அண்ணா.

"அட்டைக்கு வண்ணம் அடிப்பதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். உத்தியோகம்தான். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி இது, அதன் கும்மிடிப்பூண்டி நிலையத்துக்கு நான்தான் பொறுப்பு. இங்கே தொழிற்பேட்டைக்குப் பல மொழிக்காரர்கள் வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் சொல்லும் கதைகளைச் சொல் சொல்லாக அட்டையில் எழுதி, செய்கிறவனுக்கு நீலம், செயலுக்குச் சிவப்பு, தான் செய்யாமலே தனக்கு ஒன்று நேர்கிறவனுக்குப் பச்சை என்று பென்சிலால் தீட்ட வேண்டும். எந்த மொழியானாலும் ஒரே விதி, ஒரே நிறம். அப்போதுதான் ஒரு மொழியை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். தமிழுக்குச் செல்வி, தெலுங்குக்கு முனிகிருஷ்ணன், உருதுவுக்குக் கமருன்னிசா. மூவரும் எஸ்.எஸ்.எல்.சி. மட்டும் படித்தவர்கள். எம்.ஏ. படித்தவர்களைப் போடுங்கள் என்றார்கள். நான்தான் பிடிவாதமாக, பொன்னேரியிலிருந்து தினமும் ரயிலில் வருகிற இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை எடுத்தேன். ஒருவரோடொருவர் பேசாமல் தீட்ட வேண்டும் என்பது முதல் விதி. அதையும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

போன வாரம் ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரிடமிருந்து தகவல் வந்தது. மற்ற ஊர் நிலையங்களில் ஆளுக்கொரு நிறம் தீட்டுகிறார்களாம், இங்கே மட்டும் மூன்று மொழியிலும் நிறம் அச்சடித்தாற்போல் பொருந்துகிறதாம். மொழி தெரியாவிட்டாலும் பக்கத்து அட்டையின் நிறத்தைப் பார்த்துத் தீட்டிவிடலாம் அல்லவா, அதனால் நேரில் வந்து சோதிப்பேன், காப்பி என்று தெரிந்தால் நிலையத்தை மூடிவிடுவேன் என்றார். மூடினால் மூவருக்கும் வேலை போகும், செல்வியின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. நானோ எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கே அந்தப் பிள்ளைகள் மேல் சந்தேகம் வந்துவிட்டது, அந்த நினைப்போடு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி போய் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் திரும்ப ஏறினால், பெட்டிக்குள் "பச்ச! பச்ச!" என்று ஒரே கூச்சல், ஏதோ தேர்தல் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் நடுவில் நிற்பது நம் முனிகிருஷ்ணன், பக்கத்தில் மற்ற இருவரும்; 'அவனுக்குப் பசித்தது' என்ற வாக்கியத்தில் 'அவனுக்கு' என்பதற்கு நீலமா, பச்சையா என்று வழக்கு.

"பசிக்கிறவன் இன்னா செய்றான் நைனா? ஒண்ணியும் செய்யல. அதான் பசிக்குது. பச்ச போடு!" என்றார் இரும்பு ஆலைக்குப் போகிற ஒருவர்.

"அட போய்யா! வவுத்துக்குள்ள எம்மா வேல நடக்குதுன்னு உனுக்கு இன்னா தெரியும்? நீலம்தான்!" என்றாள் பழவேற்காட்டு மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த குப்பம்மாள்.

"அக்கா, பசியை நீயா வரவெச்சே? அதுவா வந்துச்சா?" என்றாள் கமருன்னிசா.

"அதுவாத்தான் வருது பாழாப்போனது."

"அப்போ பச்ச!"

"சரி, போட்டுத் தொல. காலங்காத்தால பேஜாரு!"

பெட்டி முழுக்கக் கை தூக்கியது. செல்வி தலைகளை எண்ணி, மூன்று மொழிக்கும் பச்சை என்று அறிவித்தாள். மாதக்கணக்காக இப்படித்தானாம். சந்தேகமான வாக்கியத்தையெல்லாம் வண்டியிலேயே சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டு, அறைக்கு வந்து வாயே திறக்காமல் தீட்டுகிறார்கள். என் விதியை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றியிருக்கிறார்கள். பேராசிரியரிடம் இதைச் சொன்னால் அன்றே பூட்டுத்தான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இன்று அவர் பல்கலைக்கழக வேனில் வந்து இறங்கினார். யாரும் பார்த்திராத கதையொன்றை மூன்று மொழியிலும் கொண்டுவந்திருந்தார். செல்வியை எங்கள் அறையிலும், முனிகிருஷ்ணனைப் பக்கத்துக் கம்பிக் கிடங்கிலும், கமருன்னிசாவைக் காவல்காரர் தணிகாசலத்தின் குடிசையிலும் உட்கார வைத்தார். காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள் என்று தணிகாசலத்திடம் சொன்னதுதான் தப்பாய்ப் போயிற்று, அவர் தடியைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்து, "பரீச்சையில பென்சில்ல எழுதக் கூடாது, எனுக்குத் தெரியாதா?" என்று மூவரின் வண்ணப் பென்சில்களையும் பிடுங்கிக்கொண்டார். அதை மீட்டுக் கொடுப்பதற்குள் மின்சாரம் போனது, கிடங்கில் கம்பி இறக்க லாரி வந்து முனிகிருஷ்ணனை மூட்டையோடு மூட்டையாய் ஓரம் தள்ளினார்கள், ரசாயனத் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று திரும்பி எல்லோர் கண்ணிலும் தண்ணீர், இதில் எது பச்சை எது நீலம் என்று யாருக்குத் தெரியப்போகிறது, எல்லாம் போச்சு என்று நான் ராஜினாமாவுக்கு வாசகம்கூட யோசித்துவிட்டேன்.

பேராசிரியர் அட்டைகளை வாங்கி மேசைமேல் மூன்று வரிசையாக அடுக்கினார். நீலத்தின் கீழ் நீலம், அதன் கீழ் நீலம். பச்சையின் கீழ் பச்சை. கடைசி அட்டைவரை ஒரு நிறம்கூட விலகவில்லை. மேசை விளிம்பில் புடவைக் கரை ஓடுவதுபோல் ஓடியது, அண்ணா! மாதக்கணக்காய்த் தினமும் காலையில் சண்டை போட்டுப் போட்டு மூவருக்கும் ஒரே கண் வந்துவிட்டிருக்கிறது, இன்று காலைச் சண்டையின் சூடும் ஆறவில்லை. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரி. இன்னும் இரண்டு வருஷம் நிலையம் நடக்கட்டும். நாளை வந்து கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அதோடு விட்டாரா? இந்தப் பிள்ளைகள் கூட்டத்தில் நசுங்கி வர வேண்டாம் என்று தன் வேனையே காலையில் பொன்னேரிக்கு அனுப்புவதாகவும் சொன்னார். உங்கள் தங்கை ஜெயித்தாளா, இல்லையா?

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கை மணியம்மாள்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். காலையில் வேன் வந்தது. மூவரும் வந்து இறங்கினார்கள். "மெத்துமெத்துன்னு இருந்திச்சி மேடம், ஏறினதும் தூங்கிட்டோம், சண்டையே போடல" என்றாள் செல்வி. புதிய கதை ஒன்றைத் தீட்டினார்கள். முதல் வாக்கியத்தின் முதல் சொல்லுக்கே ஆளுக்கொரு நிறம். கடைசிவரை அப்படித்தான். பேராசிரியர் வரிசைகளைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "அம்மா, உண்மையைச் சொல்கிறேன். நேற்று உங்கள் எதிரில் சரி என்றேனே தவிர, மனசு ஒப்பவில்லை. இப்போதுதான் நிம்மதி. பார்த்தாலே தெரிகிறது, தனித்தனியாகச் செய்த வேலை" என்று சொல்லி, உத்தரவில் கையெழுத்துப் போட்டார். நானும் அதன் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.